நடைக் கணக்கு

விடியுமுன்பே போடி தேவர் சிலைப் பக்கம் ஜீப்புகள் வந்து நின்றுவிட்டன. தலையில் துண்டு கட்டிய பெண்கள் தூக்குவாளியும் பையுமாக இருட்டில் வருகிறார்கள். மலையில் ஏலக்காய் கடைசிச் சுற்று எடுப்பு. மாசி பிறந்துவிட்டதால் சில தோட்டங்களில் தண்ணீர் பாய்ச்சவும் தொடங்கியாயிற்று.

ஒரு டிரைவர் டேங்க் மூடியைத் திருகி எடுத்து, மூங்கில் சிம்பு ஒன்றை உள்ளே விடுகிறார். சிம்பில் கத்தியால் கீறிய கோடுகள். ஈரம் ஏறிய இடத்தில் கட்டைவிரல் நகத்தை ஊன்றி, செல்போன் வெளிச்சத்தில் பார்க்கிறார். டேஷ்போர்டில் இருக்கும் டீசல் முள் அசைவதில்லை.

“எவ்வளவு மாமா இருக்கு?” கிளீனர் பையன் கேட்கிறான்.

“ரெண்டு நடைக்குக் காணும்.”

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று இங்கே யாரும் பேசுவதில்லை. முந்தல் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். போடிமெட்டுக்குள் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். ஆளோடு சேர்த்து இரண்டேகால் டன் எடையை அவ்வளவு உயரம் தூக்க, 6 யூனிட் மின்சாரம் செய்கிற வேலை தேவை. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் வெப்பம் உண்டு. பழைய எஞ்சின் அதில் மூன்றைத்தான் வேலையாக்கித் தரும். ஆக, உயரம் தூக்க மட்டுமே 2 லிட்டர். சாலையில் உருளுவதற்கும் வளைவில் நின்று ஏறுவதற்கும் தனி. ‘நடை’ என்று சொல்லும்போது இவ்வளவும் அதில் அடங்கிவிடுகிறது.

“ஏப்பா, நேரமாகுது. காட்டுல கங்காணி சத்தம் போடுவாரு.”

“இந்தா கிளம்பியாச்சு மதினி.”

புலியூத்து தாண்டியதும் அவர் காது எஞ்சின்மேலேயே இருக்கிறது. சத்தம் கனக்கத் தொடங்கும் முன்பே, திணற விடாமல், கியரைக் குறைக்கிறார். முன்னால் போகும் ஜீப் கறுப்பாகப் புகை தள்ளுகிறது. மேலே போகப் போகக் காற்று மெலியும். டர்போ இல்லாத எஞ்சினில் அப்போதும் அழுத்தி மிதித்தால் டீசல் முழுதாக எரியாது, புகையாகப் போகும். “காசு போகுது பாரு,” என்கிறார் பையனிடம். இவர் ஜீப்பின் பின்படுதாவில் கரி அதிகம் படியவில்லை.

தோட்டத்தில் பெண்கள் இறங்கிச் செடிகளுக்குள் மறைந்த பிறகு, கொண்டுவந்த கேனைப் பையன் பம்ப்செட்டுக்குச் சுமக்கிறான். படுதாக்குளத்திலிருந்து சரிவுக்குத் தண்ணீர் ஏற்றும் 5 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். முழுப் பளுவில் ஓடினால் மணிக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் குடிக்கும். இதற்கு மணிதான் கணக்கு.

சாயங்கால இறக்கத்தில்தான் டிரைவருடைய பாடம் தெரிகிறது. பக்கத்தில் ஒரு ஜீப் சத்தமே இல்லாமல் சரிந்து முந்துகிறது. நியூட்ரல். டீசல் மிச்சமாம். இவர் இரண்டாவது கியரிலேயே இறங்குகிறார்.

“நாமளும் நியூட்ரல்ல விட்டா என்ன மாமா?”

“கியர்ல கிடந்தா மலை நம்ம எஞ்சினச் சுத்தும். பம்பு டீசல் விடாது. நியூட்ரல்ல அது தானா ஓடணும், குடிச்சுக்கிட்டே இருக்கும். பிரேக்கும் காஞ்சுரும்.”

முழுக்க முழுக்க உண்மை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரில் இறங்கும்போது கவர்னர் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் சும்மா ஓடவே மணிக்கு அரை லிட்டர் போகலாம். மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவழித்து, பின்னால் நெருக்கி உட்கார்ந்திருக்கும் அத்தனை உயிரையும் சூடேறிய பிரேக்கிடம் விட்டுவிடுகிறார்கள். இதை ஒவ்வொரு டிரைவருக்கும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

போடியில் இறக்கிவிட்டதும் ஒரு பெண் ஜன்னல் பக்கம் வருகிறாள்.

“தம்பி, நாளைக்கு நானும் என் கொழுந்தியாளும் வரல. வீட்டுல விசேஷம்.”

“சரிக்கா.”

பையனுக்கு அதில் ஒரு லாபம் தோன்றுகிறது. “ரெண்டு ஆள் குறைஞ்சா டீசல் மிச்சம்தான மாமா?”

இரண்டு பேர் எடைக்கு மலையேற்றத்தில் 100 மில்லி மிஞ்சும். தோட்டத்துக்காரர் ஜீப்புக்குத் தருவதோ தலைக்கணக்கில். ஜீப் பிதுங்கப் பிதுங்க ஆளேற்றுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. செக்போஸ்டில் எத்தனை முறை எச்சரித்தாலும் இந்தக் கூலிமுறை இருக்கும்வரை மறுநாளும் அப்படித்தான் ஏற்றுவார்கள்.

டிரைவர் பையனுக்குப் பதில் சொல்லவில்லை. செல்போனை எடுத்து, “அத்தை, நாளைக்குக் காய் எடுக்க ரெண்டு ஆள் கிடைக்குமா?” என்று கேட்கிறார்.