இரைச்சல் இல்லாத டயர்

கார் வாங்கும்போது நிறத்தையும் மைலேஜையும் பார்ப்பவர்கள் பலர். டயரைப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு ரப்பர்தான் சாலையைத் தொடுகிறது. அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் ஒரு குடும்பமே பயணம் செய்கிறது.

மதுரையில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். மனைவிக்கு முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து, மாதம் ஒருமுறை திருச்சிக்குப் பரிசோதனைக்குப் போக வேண்டும். பழைய கார். அறுபதைத் தாண்டினால் 'ஊம்' என்று இரைச்சல். சின்னப் பள்ளம்கூட முதுகில் குத்தியது. "என்னங்க, அடுத்த மாசம் நான் வரல" என்று சொல்லிவிட்டார் மனைவி.

ஆசிரியர் டயர் கடைக்குப் போனார். "பெரிய வீலா போட்டுடலாம் சார், வண்டி கெத்தா இருக்கும்" என்றார் கடைக்காரர். ஆசிரியர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவருடைய டயரில் 165/80 R14 என்று எழுதியிருந்தது. அகலம் 165 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132 மில்லிமீட்டர். ரிம் 14 அங்குலம். கடைக்காரர் காட்டிய 195/55 R16 டயரில் பக்கச்சுவர் 107 மில்லிமீட்டர்தான். குலுக்கலை வாங்கிக்கொள்வது அந்தப் பக்கச்சுவரும் உள்ளே இருக்கும் காற்றும்தான். அது குறைந்தால் அழகு கூடும், சுகம் குறையும். பழைய அளவே போதும் என்றார்.

அடுத்தது இரைச்சல். டயரின் கட்டைகள் சாலையில் அடிபடுவதாலும், அவற்றின் இடையே காற்று அடைபட்டு வெளியேறுவதாலும் அது வருகிறது. ஐரோப்பாவில் 2012 முதல் டயரிலேயே இரைச்சலையும் ஈரச் சாலைப் பிடிமானத்தையும் லேபிளாக ஒட்டுகிறார்கள். இந்தியாவிலும் 2022-இல் அறிவிக்கப்பட்ட விதிகள் இவற்றுக்கு வரம்பு வைத்திருக்கின்றன. அமைதியை மட்டும் பார்த்து மழையில் பிடிக்காத டயரை வாங்கினால் பயனில்லை.

விலையையும் ஓடும் தூரத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 4,000 ரூபாய் டயர் 30,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்குச் சுமார் 13 பைசா. 5,000 ரூபாய் டயர் 50,000 ஓடினால் 10 பைசா. தள்ளுபடியில் வருவது பழைய சரக்காகவும் இருக்கலாம். பக்கத்தில் உள்ள நான்கு இலக்கம் அதைச் சொல்லிவிடும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது.

பழைய டயரைக் கழற்றிய மெக்கானிக் அதன் ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ரம்பப் பல் போல் தேய்ந்திருந்தது. "அலைன்மென்ட் போயிருக்கு சார். சரி பண்ணலேன்னா புது டயரும் ஆறு மாசத்துல இப்படித்தான் கத்தும்" என்றார். பாதி இரைச்சலுக்குக் காரணம் டயரே இல்லை. காற்றும் அளவுக்கு மீறி இருந்தது.

நடுத்தர விலையில் நான்கு டயர், அலைன்மென்ட், பேலன்சிங். ஓட்டுநர் கதவோரம் எழுதியிருந்த அளவுக்குக் காற்று. அவ்வளவுதான் செலவு.

அடுத்த மாதம் மனைவி அரை மனதோடு ஏறினார். மேலூர் தாண்டியதும் ஆசிரியர் ஏதோ கேட்டார். பதில் இல்லை. கண்ணாடியில் பார்த்தால், பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.