ஆறாவது மீன்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது முன்னோர் மொழி. அரசாங்கத்திற்கு வரவு செலவுத் திட்டம் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. எளியோர் இல்லத்திற்கோ அது வாரந்தோறும் வருகிறது. அரசாங்கத்தில் பற்றாக்குறை ஏற்பட்டால் கடன் வாங்கிச் சரிக்கட்டலாம். அடுப்படியில் பற்றாக்குறை ஏற்பட்டால் யாரோ ஒருவருடைய வயிறு அதனைத் தாங்கியாக வேண்டும். அந்த வயிறு யாருடையது என்பதைக் கணக்கேடுகள் வெளிப்படையாகச் சொல்வதில்லை. கிள்ளான் பட்டணத்துக் குடும்பம் ஒன்றின் கணக்கேடு மட்டும் அதனைச் சொல்லாமற் சொல்லிற்று.

அக்குடும்பம் 1979ஆம் ஆண்டில் ரப்பர்த் தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்குக் குடிவந்தது. கணவர், மனைவி, கணவரைப் பெற்ற தாய், பிள்ளைகள் மூவர் என ஆறு பேர். தோட்டத்தில் இருந்தவரை உணவுக் கணக்கு அவர்களை அவ்வளவாக வருத்தியதில்லை. சம்பளம் சிறிதுதான், ஆயினும் லயத்து வீட்டின் பின்புறம் முருங்கை நின்றது, பசலை படர்ந்தது, கத்தரியும் மிளகாயும் கறிவேப்பிலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. எஞ்சிய தேவைக்குக் கடைக்காரரின் 555 குறிப்பேடு இருந்தது. அட்டையில் 555 என்னும் எண் பொறித்த அந்தச் சிறு ஏட்டை அறியாத தோட்டக் குடும்பம் அக்காலத்தில் அரிது. வாங்கும் பொருள் அதில் ஏறும். சம்பள நாளன்று கடன் இறங்கும். மறுநாளே மீண்டும் ஏறத் தொடங்கும்.

பட்டணத்து வீட்டின் பின்புறத்தில் மண் இல்லை. சிமிந்தித் தரையே இருந்தது. ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கும் காசு எடுக்க வேண்டியதாயிற்று. முகமறியாத கடைக்காரர் கடன் கொடுக்கவும் முன்வரவில்லை. கணவர் லோரியில் உதவியாளாகச் சேர்ந்தார். சனிக்கிழமை மாலையில் சம்பளம். வாடகை, விளக்கு, தண்ணீர், பள்ளிச் செலவு ஆகியவற்றுக்கு ஒதுக்கியது போக, உணவுக்கென்று வாரத்திற்கு 40 வெள்ளி மனைவியின் கைக்கு வந்தது.

அவ்வம்மையார் முதல் வேலையாக ஒரு 555 குறிப்பேட்டைத் தாமே விலைக்கு வாங்கினார். கடைக்காரர் கையில் இருந்தவரை அஃது உண்டு முடித்ததைச் சொல்லும் கடன் ஏடாக இருந்தது. அவருடைய கைக்கு வந்தபின் இனி உண்ணப்போவதைச் சொல்லும் திட்ட ஏடாக மாறியது. ஏடு ஒன்றுதான், அதனைப் பிடித்த கை மாறியதும் அதன் பொருளும் மாறிற்று.

சனிக்கிழமை இரவு பிள்ளைகள் உறங்கிய பின் அவர் பென்சிலுடன் அமர்வார். அரிசிக்கு 10 வெள்ளி, பருப்பு, எண்ணெய், சீனி, பால் டின், மசாலைச் சாமான் ஆகியவற்றுக்கு 10, காய்கறிக்கு 6, மீனுக்கு 7, கோழிக்கும் முட்டைக்கும் 4, எஞ்சிய 3 வெள்ளி கைகாவல். விருந்தாளி வந்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் அந்த மூன்று வெள்ளியே துணை. அது செலவாகாத வாரத்தில் ஒரு சார்டின் டின்னாக மாறி அலமாரியின் மேல்தட்டில் ஏறிவிடும்.

அவ்வீட்டில் குளிர்பதனப் பெட்டி கிடையாது. எனவே எதைச் சமைப்பது என்பதைவிட எதை முதலில் சமைப்பது என்பதே பெரிய வினாவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பாசாரில் வாங்கிய கீரை அன்று மாலைக்குள் வதங்கிவிடும். வெண்டையும் கத்தரியும் இரண்டு மூன்று நாள் தாங்கும். பூசணியும் உருளையும் வார இறுதிவரை பொறுத்திருக்கும். அழியும் வரிசையே அவருடைய சமையல் வரிசை. ஞாயிறன்று சிறிதளவு கோழியும் கீரையும். திங்களன்று வெண்டைக்காய்ச் சாம்பார். செவ்வாயன்று நெத்திலிச் சம்பலும் முட்டையும். புதனன்று மீண்டும் பாசாருக்குப் போய் மீன். வியாழனன்று கருவாடும் கத்தரிக்காயும். வெள்ளிக்கிழமை அவ்வீட்டில் மரக்கறி உணவு. பணம் வற்றும் நாளும் விரத நாளும் ஒன்றாக வந்தது பணப்பைக்கும் நன்மையாயிற்று. சனிக்கிழமை ரசமும் துவையலும் அப்பளமும் மாலைச் சம்பளத்திற்காகக் காத்திருக்கும்.

பாசாருக்குப் போகும் வேளையையும் அவர் கணக்கிட்டிருந்தார். காலையில் போனால் நல்ல மீன் கிடைக்கும், விலை மிகுதி. கடை கட்டும் வேளையில் போனால் விலை இறங்கும். ஆயின் மீனின் செவுள் சிவந்திருக்கிறதா, கண் தெளிந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கும் கண் வேண்டும். அந்தக் கண் அவருக்கு இருந்தது. ஊரில் காணாங்கெளுத்தி எனப்படும் மீனே இங்குக் கெம்போங். அதையே பெரும்பாலும் வாங்குவார்.

அரிசியில் மட்டும் மாமியார் விட்டுக்கொடுப்பதில்லை. புழுங்கலரிசியே வேண்டும் என்பார். பாசாரில் கிலோ நிறுவை வந்த பின்னும் ஏறத்தாழ 600 கிராம் கொண்ட பழைய ‘கட்டி’க் கணக்கிலேயே கேட்பார். அவருடைய பிடிவாதத்திற்குப் பின்னால் இந்நாட்டு வரலாறு ஒன்று உண்டு. 1905ஆம் ஆண்டில் வில்லியம் பிளெச்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தீட்டிய பச்சரிசியும் மறு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டோரிடையே பெரிபெரி நோய் பரவிற்று. புழுங்கலரிசி உண்டோர் பெரும்பாலும் தப்பினர். நெல்லைப் புழுக்கும்போது உமிக்கு அடியிலுள்ள தவிட்டின் உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதே அதன் காரணம். மாமியார் பிளெச்சரை அறியார். 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் ஆட்சியில், மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்ததை அறிவார். வடித்த கஞ்சியை ஊற்றிவிடாமல் உப்பிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னவரும் அவரே. சோற்றோடு பருப்புச் சேரும்போது ஒன்றில் குறையும் புரதக் கூறுகளை மற்றொன்று நிறைவு செய்கிறது என்பதை நூல்கள் கூறும். அந்த வீட்டில் அது பழக்கமாகவே இருந்தது.

இவ்வாறு ஐந்தாண்டுகள் கடன் இன்றிக் கழிந்தன. அக்கம்பக்கத்தார் அம்மையாரின் சிக்கனத்தை மெச்சினர். 1984ஆம் ஆண்டின் நடுவில் அவருக்கு அடிக்கடி தலைசுற்றல் கண்டது. அரசாங்க மருந்தகத்துத் தாதி இரத்தம் குறைந்திருக்கிறது என்று சொல்லி, மீனும் ஈரலும் கீரையும் உண்ணுமாறு அறிவுறுத்தினார். அம்மையார் தலையசைத்துவிட்டு வந்தார். ஏட்டில் அதைக் குறிக்கவில்லை.

அந்த மாதத்தில்தான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு பயின்ற மூத்த மகளுக்கு ஆசிரியர் ஒரு பயிற்சி கொடுத்தார். வீட்டின் ஒரு வாரச் செலவை எழுதி, ஒருவருக்கு எவ்வளவு ஆகிறது என்று கண்டுவர வேண்டும். சிறுமி தாயின் குறிப்பேட்டை எடுத்தாள். நாற்பதை ஆறால் வகுத்தாள். ஆளுக்கு ஏறத்தாழ 6 வெள்ளி 67 காசு வந்தது. பிறகு பொருள்களைப் பங்கிடத் தொடங்கினாள். செவ்வாய், முட்டை 5. புதன், கெம்போங் 5. ஐந்தை ஆறு பேருக்கு எப்படிப் பங்கிடுவது? தாய் தவறாக எழுதியிருப்பார் என்று எண்ணி முந்திய பக்கங்களைப் புரட்டினாள். எல்லா வாரங்களிலும் ஐந்தே இருந்தது.

“அம்மா, கணக்கு தப்பா இருக்கே. நம்ம வீட்டுல ஆறு பேர்தானே?” என்று கேட்டாள்.

“குழம்புல மீன் வாசம் இருக்குல்ல, எனக்கு அது போதும்” என்று கூறிய தாய், பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

அன்றிரவு தந்தையார் உண்டுகொண்டிருந்தபோது, கள்ளமறியாத அச்சிறுமி அதே கேள்வியை அவரிடமும் கேட்டாள். சோற்றைப் பிசைந்த கை நின்றது. ஐந்தாண்டுகளாக அந்தத் தட்டில் மீன் இருந்தது. அடுத்த தட்டில் இருந்ததா என்று அவர் பார்த்ததில்லை. எல்லோரும் உண்டபின் மனைவி தனியே உண்பது வழக்கமாகையால், பார்க்கும் வாய்ப்பும் அவருக்கு நேரவில்லை.

சுவரோரம் அமர்ந்திருந்த மாமியார்தான் முதலில் பேசினார்: “நானும் காலமெல்லாம் இப்படித்தான் கணக்குப் போட்டேன். அதைக் கூட்டிப் பார்க்க என் வீட்டுல படிச்ச புள்ள இல்ல.”

அடுத்த சனிக்கிழமை 43 வெள்ளி வந்தது. அந்த மூன்று வெள்ளி எங்கிருந்து வந்தது என்று அம்மையார் கேட்கவில்லை. கணவரின் சட்டைப் பையில் இருபது சிகரெட்டுப் பெட்டி இருந்த இடத்தில் பத்துப் பெட்டி இருந்ததைத் துணி துவைக்கும்போது அவரே கண்டுகொண்டார். உணவுக்கான 40 வெள்ளியைக் காசு பிசகாமல் எழுதி வந்த ஏட்டில், ஆடவரின் கைச்செலவு ஒருநாளும் இடம்பெற்றதில்லை என்பதும் அப்போதுதான் விளங்கிற்று.

ஏட்டில் ஆறு என்று எழுதியவுடன் தட்டில் ஆறு வந்துவிடவில்லை. முதல் இரண்டு வாரங்களும் ஆறாவது மீன் மகனுடைய தட்டுக்கே போயிற்று. “வளர்ற புள்ள” என்பது தாயின் நியாயம். ஐந்தாண்டுப் பழக்கத்தை மூன்று வெள்ளியால் மாற்ற இயலாது என்பதை உணர்ந்த மாமியார் வேறொரு முடிவு செய்தார். இனி ஆறு பேரும் ஒன்றாக அமர்ந்தே உண்ண வேண்டும். முதல் மீனை மருமகளின் தட்டில் தாமே வைப்பார். எழுத்தறியாத அம்மூதாட்டி செய்த அந்தத் திருத்தமே கணக்கை நேராக்கிற்று.

காலம் மாறிவிட்டது. இன்று பல வீடுகளில் குளிர்பதனப் பெட்டி உண்டு. பேரங்காடிகளின் விலையைக் கைப்பேசியிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆயினும் பொருள் விலை ஏறும்போதெல்லாம், குறைத்துக்கொள்ள முன்வரும் தட்டு பெரும்பாலும் பரிமாறுபவரின் தட்டாகவே இருக்கிறது. அச்சிறுமி பின்னாளில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையானார். வாரச் செலவுக் கணக்கை அவரும் தம் மாணவர்க்குப் பயிற்சியாகக் கொடுப்பதுண்டு. விலையை எழுதுவதற்கு முன், வீட்டில் உண்போர் அனைவரின் பெயரையும் வரிசையாக எழுதச் சொல்வார். யாருடைய பெயரேனும் விடுபட்டிருக்கிறதா என்று கேட்பார். சில ஏடுகளில் ‘அம்மா’ என்னும் சொல் கடைசி வரியில் அவசரமாகச் சேர்க்கப்படும்.

சிக்கனம் நல்லறமே. ஆயின், பங்கிடும் கை தன்னையும் ஒரு தலையாக எண்ண வேண்டும். அது மறந்தாலும் உடனிருப்போர் எண்ண வேண்டும். எண்ணிக்கை பிழையானால், காசு எவ்வளவு சரியாக இருந்தாலும் கணக்குப் பிழையே.