உறைக்கு மேல் எழுதப்படும் செய்தி

திருச்சிக்கு 620001, ஸ்ரீரங்கத்திற்கு 620006. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கொண்டே கடிதங்கள் பிரிக்கப்படுகின்றன. உள்ளே இருப்பது நிக்காஹ் அழைப்பா, மவுத்துச் செய்தியா என்று பிரிப்பவர் அறியார். இணையமும் பெரும்பாலும் இவ்வாறே முகவரி பார்த்து இயங்குகிறது.

எங்கள் மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவில், காலை வாழ்த்துகளுக்கிடையே ஒரு ஜனாஸா அறிவிப்பு மூழ்கிப்போனது. மையித்தின் நெருங்கிய நண்பர் அதைப் பார்த்தபோது அடக்கம் முடிந்திருந்தது. கணினி வலையமைப்பு பயிலும் என் பழைய மாணவர் இதைக் கேட்டு, வேறொரு முறையை விளக்கினார். அதில் அனுப்புபவர் எவர் பெயரையும் குறிப்பதில்லை. பெறுபவரே தமக்கு வேண்டியதைப் பதிந்து வைக்கிறார். செய்தியின் பொருள் பார்த்து வலையமைப்பு அதைச் சேர்க்கிறது.

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன. கொள்ளிடக் கரையில் வசிப்பவருக்கு ஆற்றின் நீர்வரத்துத்தான் கவலை; டெல்டா விவசாயிக்கோ காவிரியில் தண்ணீர் குறையுமா என்பது. செய்தி ஒன்று, தேவை இரண்டு.

மென்பொருள்வழி வலையமைப்பில், வழியைத் தீர்மானிக்கும் பொறுப்பு ஸ்விட்சுகளிடமிருந்து மையக் கட்டுப்படுத்தியிடம் செல்கிறது. ஸ்விட்சு தன்னிடமுள்ள விதி அட்டவணைப்படி நடக்கும். 2008இல் வெளியான ஓப்பன்ஃப்ளோ கட்டுரை இதைப் பரவலாக்கியது. ஆனால் அத்தகைய ஸ்விட்சு தலைப்பை மட்டுமே படிக்கும், உள்ளடக்கத்தைப் படிக்காது. எனவே செய்தியின் சாரத்தை எண்களாக்கித் தலைப்பிலேயே எழுதுகிறார்கள். நம் அஞ்சல் எண்ணில் 6 என்றால் தென்மண்டலம், 620 என்றால் திருச்சி; அதுபோல முதல் இலக்கங்கள் ‘வெள்ளம்’ என்றும், அடுத்தவை ‘கொள்ளிடம்’ என்றும், பின்னவை நீரின் அளவு என்றும் அமையலாம். அட்டவணையின் நினைவகம் விலைமிக்கது, இடமும் குறைவு. நுட்பமான விதிகள் எழுதினால் அது நிரம்பிவிடும். பொதுவாக எழுதினால் வேண்டாதவையும் வந்து சேரும். (அதாவது, மீண்டும் காலை வாழ்த்துகள்!)

எனக்கு உறுத்தியது வேறொன்று. உறைக்குள் இருக்க வேண்டியதன் சுருக்கம் வெளியே எழுதப்படுகிறது. மேலும், ஒருவர் ‘டயாலிசிஸ்’ பற்றிய செய்தி வேண்டுமெனப் பதிந்தாலே, அவர் வீட்டு நிலை கட்டுப்படுத்தியை நடத்துபவருக்குத் தெரிந்துவிடுமே! அந்த விருப்பமும் ஓர் அமானிதமல்லவா? மறைகுறியாக்கிய நிலையிலேயே ஒப்பிட்டுப் பார்க்கும் முறைகள் ஆய்வில் உள்ளன, ஆனால் வேகம் குறையும் என்றார் மாணவர். வேகம் குறைந்தாலும் அதுவே எனக்கு உவப்பானது.

இப்போதைக்கு எங்கள் மஹல்லாவில் ஜனாஸா அறிவிப்புக்கென்று தனிக் குழு தொடங்கியிருக்கிறோம். பள்ளிவாசல் நிர்வாகிகள் தவிர எவரும் அதில் எழுத இயலாது.