சங்கீதம் 88

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வருகிற ஆகஸ்டோடு மூன்று வருடம் ஆகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு பாதிதான் திரும்பியிருக்கிறது. மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் நடக்கிறது. ஜெபமும் நடக்கிறது.

பார்க்க வருகிறவர்கள் அன்போடுதான் வருகிறார்கள். ஆனால் சிலர், "விசுவாசம் இருந்தால் இன்றைக்கே எழுந்து நடப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒருவர், "அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கா, யோசிச்சுப் பாருங்க" என்றார். அவள் கேட்டுக்கொண்டேதான் படுத்திருந்தாள். அன்று ராத்திரி திக்கித் திக்கி, "நான்... என்ன செஞ்சேன்?" என்று என்னிடம் கேட்டாள்.

அதற்குப் பதில் தேடித்தான் வேதாகமத்தை மறுபடியும் நிதானமாக வாசித்தேன்.

யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்த பிறகுதான் பாவக் கணக்குப் பார்த்தார்கள். கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது அவர்களைத்தான். பவுல் தன் சரீரத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டினார், நீங்கவில்லை. அதைத் தாங்கக் கிருபைதான் கிடைத்தது. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை.

என்னை அதிகம் தேற்றியது 88ஆம் சங்கீதம். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை, கண்ணீரோடேயே முடிகிறது. ஆனால் புலம்புகிறவர் முதல் அடியிலேயே கர்த்தரைத் தன் இரட்சிப்பின் தேவன் என்று அழைக்கிறார். பதில் வராவிட்டாலும் மறுநாள் காலையும் அவரிடமே வருவேன் என்கிறார். விசுவாசம் என்றால் இதுதான் என்று எனக்குப் பட்டது. இந்தச் சங்கீதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "இன்னொரு தரம்" என்றாள்.

நம் திருநெல்வேலிச் சீமையிலேயே ஒரு சாட்சி உண்டு. டோனாவூரில் எத்தனையோ பிள்ளைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பின் 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே இருந்தார். அவருக்காக ஜெபிக்க ஆளில்லாமலா போயிற்று? எழுந்து பழையபடி நடமாடவில்லை. ஆனால் படுக்கையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். அவற்றில் ஒன்று, நோயாளியாக இருந்து நோயாளிகளுக்கே எழுதிய கடிதங்கள். சுகமாயிருப்பவர்கள் எழுதும் ஆறுதல் படுத்திருப்பவர்களுக்கு எட்டுவதில்லை என்பதை அனுபவித்து அறிந்தவர் அவர். அவருடைய கல்லறையில் பெயர்க்கல் கிடையாது. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி. அதில் 'அம்மா' என்று மட்டும் இருக்கிறது.

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தார் புதன்கிழமைதோறும் வருகிறார்கள். உபதேசம் ஒன்றும் செய்வதில்லை. ஒருத்தி தலை பின்னிவிடுவாள், ஒருத்தி ரசம் கொண்டுவருவாள். பிறகு எல்லாரும் கீர்த்தனை பாடுவார்கள். பேசும்போது ஒரு சொல்லுக்குத் தடுமாறுகிற என் மனைவி, பாட்டில் முழு அடியையும் தடங்கலில்லாமல் பாடிவிடுகிறாள்! பேச்சுக்கும் பாட்டுக்கும் மூளையில் வழி வேறு என்று டாக்டர் விளக்கினார். காரணம் தெரிந்ததால் என் ஸ்தோத்திரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அவள் இன்னும் நடக்கவில்லை. தினமும் கேட்கிறோம், இனியும் கேட்போம். ஆனால் "நான் என்ன செஞ்சேன்?" என்ற கேள்வியை இப்போது அவள் கேட்பதில்லை.

வியாதியஸ்தரைப் பார்க்கப் போகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. காரணம் சொல்லப் போகாதீர்கள். பக்கத்தில் கொஞ்சநேரம் உட்காருங்கள். பாடத் தெரிந்தால் ஒரு பாட்டுப் பாடுங்கள். அது போதும்.