கரை சேராத அதிகாரம்

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். 2018க்குப் பிந்திய ஆண்டொன்றில் அத்தீவுப் பாடசாலையில் நாம் கற்பித்தபோது கணித ஆசிரியர் இல்லை. பெற்றோருக்காக மனுவை நாமே எழுதிக் கொடுத்தோம். அது அலுவலகம் அலுவலகமாக அலைந்தது, ஆசிரியர் வரவில்லை.

அந்நாட்களில் ஒருமுறை, படகில் எம்மருகே இருந்த கடற்றொழிலாளிப் பெரியவர் கேட்டார்: "மாஸ்ரர், இந்தியாவில டெல்லி நேர ஆண்ட இடங்கள் மாநிலமாயிட்டுதாம். எங்கட மாகாணம் மட்டும் ஏன் இன்னும் கொழும்பின்ர கையில கிடக்குது?"

அன்று நாம் சொன்ன விடை அரைகுறையானது. அதை இங்கே நிறைவு செய்ய முயல்வோம்.

இந்தியாவில் மத்திய அரசு நேரே ஆளும் பகுதியை மாநிலமாக்குவதற்குச் சட்டவழி கடினமன்று. அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரையின்படி, குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடு வரும் மசோதா பாராளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மையால் நிறைவேறினால் போதும். இமாசலப் பிரதேசம் 1971இலும், மணிப்பூரும் திரிபுராவும் 1972இலும், மிசோராம், அருணாசலம், கோவா ஆகியன 1987இலும் மாநிலங்களாயின. ஆயினும் சட்டத்தை நகர்த்தியது மக்களின் விருப்பமே. கோவா மக்கள் 1967இல் நடந்த கருத்து வாக்கெடுப்பில் மகாராட்டிரத்துடன் இணைய மறுத்தனர். பின்னர் கொங்கணி மொழிக்காகப் போராடினர். இருபது ஆண்டுகள் கழித்தே மாநிலம் பெற்றனர்.

கோவா மாநிலமாகி இரண்டு மாதங்களில், 1987 யூலை 29ஆம் நாள், கொழும்பில் இலங்கை–இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன் பேறாக 13ஆவது திருத்தம் மாகாணசபைகளைப் படைத்தது. ஆனால் ஒற்றையாட்சி மாறவில்லை. காணியும் பொலிசும் பட்டியலில் எழுதப்பட்டன. கைக்கு வந்து சேரவில்லை. மாகாண அரச ஊழியரின் நியமனத்தையும் இடமாற்றத்தையும் அதே ஆண்டின் மாகாணசபைகள் சட்டம் ஆளுநரிடமே ஒப்படைத்தது. அவரோ சனாதிபதியால் நியமிக்கப்படுபவர்.

உயர் நீதிமன்றம் 2006இல் வழங்கிய தீர்ப்பால் வடக்கும் கிழக்கும் பிரிந்தன. வடக்குக்கென 2013இல் தெரிவான சபை 2018 ஒக்ரோபரில் காலாவதியாயிற்று. உரிய காலத்தில் மறுதேர்தல் நடக்கவில்லை. ஆளுநரின் ஆட்சியே தொடர்ந்தது. மாநிலத்தின் சாயலில் பிறந்த ஒன்று, நேரடி ஆட்சிப் பகுதியின் நிலைக்கு இறங்கிற்று.

இதனால் தீவுப் பிள்ளைக்கு என்ன நட்டம் என்று சிலர் கேட்கலாம். எமது மனுவே அதற்குச் சான்று. தெரிவான உறுப்பினர் ஒருவர் இருந்திருந்தால், பெற்றோர் அவர் வாசலில் நின்று கணக்குக் கேட்டிருப்பர். அடுத்த தேர்தலில் தண்டித்துமிருப்பர். நியமனம் பெற்றவரை நெடுந்தீவு வாக்காளர் எப்படித் தண்டிப்பது?

கிடைத்தது நிலைக்கும் என்றும் நம்பிவிட முடியாது. இந்தியாவிலேயே 2019இல் சம்மு–காசுமீர் மாநிலம் இரண்டு நேரடி ஆட்சிப் பகுதிகளாக்கப்பட்டது. மத்தியில் ஆள்வோர் தனித்து நின்று தந்ததை அவர்களே பறிக்கவும் முடியும். ஆகவே தேர்தலை ஒத்திப்போட முடியாத சட்டம் வேண்டும். மக்கள் சம்மதமின்றிக் குறைக்க முடியாத அதிகாரம் வேண்டும்.

இன்னொன்றையும் நாம் மறைக்கலாகாது. கொழும்பிலிருந்து புறப்படும் அதிகாரம் யாழ்ப்பாண நகரோடு தங்கிவிட்டாலும் பெரியவரின் கேள்வி தீராது. ஊர்காவற்றுறையும் நயினாதீவும் நெடுந்தீவும் தம் பாடசாலையையும் இறங்குதுறையையும் பற்றித் தாமே முடிவெடுக்கும் நாள்வரை அவர் கேட்டுக்கொண்டேயிருப்பார். ஆசிரியர்களே, மாணவர்களே, அவரோடு சேர்ந்து கேட்பது நமது கடமை.