பூட்டு போட்டும் போகாத பயம்

எங்கள் சுங்கை வேயில் ஒரு வீட்டுக்குள் நுழைய எத்தனை பூட்டுகளைத் திறக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். வெளி கேட்டுக்கு ஒன்று, கிரிலுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று. சில வீடுகளில் மாடிப்படியிலும் ஒரு கிரில் உண்டு. இவ்வளவையும் பூட்டிய பிறகும் தூக்கம் வராதவர்கள் பலர். இரவு நேர வானொலி நிகழ்ச்சி நடத்துவதால் எனக்கு இது தெரியும். பாட்டு கேட்டுத்தான் அழைப்பார்கள். இரண்டே நிமிடத்தில் பேச்சு பக்கத்துத் தெருத் திருட்டுக்குப் போய்விடும்.

என் அம்மா பயந்த சுபாவம் உள்ளவர் அல்ல. 1972-இல் இங்கே சுதந்திர வர்த்தக மண்டலம் வந்த பிறகு, மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன நம் பெண்களில் அவரும் ஒருவர். ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை பஸ்ஸில் வந்து இறங்கி, நள்ளிரவில் தனியாக வீட்டுக்கு நடந்து வந்தவர். அப்படிப்பட்டவர் சில ஆண்டுகளுக்கு முன், பட்டப்பகலில் மார்க்கெட்டுக்குப் போகும் வழியில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவரிடம் தாலிச் சங்கிலியைப் பறிகொடுத்தார்.

கழுத்துக் கீறல் இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது. புதுத் தாலி வாங்கி மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டார். ஆனால் மாலை நடை நின்றது. வெள்ளிக்கிழமை கோயில் நின்றது. பாசார் மாலாம் நின்றது. தெருவில் மோட்டார் சத்தம் கேட்டால் கை தானாகக் கழுத்துக்குப் போகும். ஓராண்டுக்குள் இனிப்பு நீர் ஏறியது, தூக்கம் குறைந்தது, பேச்சும் குறைந்தது. சங்கிலி போனது ஒரு நொடியில். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் போனது.

இது அம்மா ஒருவரின் கதை அல்ல. லண்டன் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வரும் ‘ஒயிட்ஹால் 2’ ஆய்வின் ஒரு பகுதி 2007-இல் வெளியானது. குற்றத்துக்கு அதிகம் பயந்தவர்களிடம் மனச்சோர்வுக்கான வாய்ப்பு, குறைவாகப் பயந்தவர்களைவிட ஏறத்தாழ 2 மடங்கு இருந்தது. பயந்தவர்கள் உடற்பயிற்சியைக் குறைத்திருந்தார்கள், நண்பர்களைச் சந்திப்பதைக் குறைத்திருந்தார்கள், பொதுக் காரியங்களிலும் குறைவாகக் கலந்துகொண்டார்கள். பயத்துக்கும் உடல், மன நலத்துக்கும் உள்ள தொடர்பில் இந்த ஒதுங்கலுக்கும் பங்கு உண்டு என்றது அந்த ஆய்வு.

“குற்றம் குறைந்துவிட்டதே, இன்னும் என்ன பயம்?” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 2010-இல் தெருக் குற்றங்கள் 35 விழுக்காடு குறைந்ததாக அரசாங்கம் அறிவித்தது. 2009-இல் 2 லட்சத்தைத் தாண்டியிருந்த குறியீட்டுக் குற்றங்கள், 2022-இல் 50 ஆயிரத்துச் சொச்சமாக இறங்கின. ஆனால் 2012-இல் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் கடத்தல் முயற்சியிலிருந்து தப்பிய பெண் தன் அனுபவத்தை முகநூலில் எழுதியபோது, அந்தப் புள்ளிவிவரங்கள் யாருக்கும் ஆறுதல் தரவில்லை. கார் நிறுத்துமிடம் என்றாலே பெண்கள் நடுங்கினார்கள். ‘இதெல்லாம் வெறும் எண்ணம்தான்’ என்ற விளக்கம் கோபத்தைத்தான் கிளப்பியது.

எண்ணிக்கை குறைவது நல்ல செய்தி. அதற்காகப் பறிகொடுத்தவரின் பயத்தைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. பறிகொடுக்காதவருக்கும் இன்று பயம் கைப்பேசியிலேயே வந்து சேர்கிறது. எந்த ஊரில், எந்த ஆண்டில் நடந்தது என்றே தெரியாத ஒரு காணொளி பத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வரும்போது, எல்லாமே நம் வாசலில் நடப்பதுபோல் தோன்றுகிறது.

பூட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. பூட்டு திருடனைத் தடுக்கும். ஆனால் பயத்தையும் நம்மோடு உள்ளேயே வைத்துப் பூட்டிவிடும். 1975-இல் நம் நாட்டில் ருக்குன் தெத்தாங்கா தொடங்கியபோது, அக்கம்பக்கத்தார் முறைபோட்டு இரவு ரோந்து போனார்கள். அதில் ஒரு நன்மை இருந்தது. எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரிந்தது, அவர் பிள்ளைகளின் முகம் தெரிந்தது. கேமரா பொருத்திய தெருக்களில் இன்று அது எத்தனை பேருக்குத் தெரியும்?

அம்மாவை வெளியே கொண்டு வந்தது என் அறிவுரை அல்ல. எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக் ஒருநாள் மாலை ஐந்தரைக்கு வந்து கேட்டைத் தட்டி, “ஜோம், நடக்கலாம்” என்றார். முதல் வாரம் தெருமுனை வரைதான். பிறகு விளையாட்டுத் திடல் வரை. சில மாதங்களில் இன்னும் மூன்று பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மோட்டார் சத்தம் கேட்டால் அம்மாவின் கை இன்னமும் கழுத்துக்குப் போகிறது. ஆனால் கால் நிற்பதில்லை.

உங்கள் வீட்டில் யாராவது கொள்ளைக்குப் பிறகு வெளியே போக மறுக்கிறார்களா? வாரக்கணக்கில் தூக்கமில்லையா? “நகைதானே போச்சு, விடு” என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்படிப் போவதால் யாரும் பைத்தியம் ஆகிவிடுவதில்லை. மனம்விட்டுப் பேச ஆள் இல்லை என்றால், 1970 முதல் செயல்படும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

அதற்கும் முன்னால், அக்கம்பக்கத்தில் அப்படி அடைந்து கிடப்பவர் இருந்தால், இன்று மாலையே அவர் வீட்டு கேட்டைத் தட்டுங்கள்.