கைடில் விடை இல்லாத வீட்டுப்பாடம்

ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் முதல் பாடம் அளவீட்டியல். பரப்பளவும் கன அளவும் முடிந்ததும் அடர்த்தி வரும். நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொள்வார்கள். பாடம் அங்கே வந்து சேரும்போது ஜூன் மாதம் முடியப் போகும். எங்கள் பள்ளி திருவாரூர் மாவட்டத்தில் ஆற்றுப் பாசனக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறந்துவிட்ட ஆண்டுகளில், அந்த நாட்களில் ஊரே குறுவை நாற்றங்காலில்தான் நிற்கும். அதனால் அன்றைக்கு நான் கொடுக்கும் வீட்டுப்பாடம் இது: விதை நெல்லை ஊறப்போடுவதற்கு முன்னால் உப்புத் தண்ணீரில் போடுவார்களா? போட்டால், உப்பு போதும் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள்? யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டு வரலாம். நோட்டில் எழுத வேண்டியதில்லை.

மறுநாள் வருகைப்பதிவு எடுத்து முடிப்பதற்குள் கைகள் உயர்ந்துவிடும்.

“முட்டையப் போட்டுப் பாப்பாங்க சார். மொதல்ல அடியில கெடக்கும். உப்பக் கொட்டிக் கலக்கிக்கிட்டே இருந்தா மேல வந்துரும். முட்டை முதுகு காசு அளவு வெளியில தெரிஞ்சா போதும்னு தாத்தா சொன்னாரு.”

“பழைய முட்டை ஆகாது சார். அது நல்ல தண்ணியிலயே மெதக்கும்.”

இரண்டாவதாகப் பேசியவள் நிலமில்லாத வீட்டுப் பெண். அவள் அம்மா நடவுக்குப் போகிறவர். வகுப்பில் அன்று அடர்த்தி பற்றி அதைவிடக் கூர்மையாக யாரும் எதுவும் சொல்லவில்லை. பழைய முட்டை ஏன் மிதக்கிறது என்ற கேள்வி அங்கேயே பிறந்துவிட்டது. ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. நாளாக ஆக அவற்றின் வழியே உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது, காற்று உள்ளே போகிறது. ஓட்டின் அளவு மாறுவதில்லை, நிறை மட்டும் குறைகிறது. அப்படியானால் அடர்த்தி என்ன ஆகும்? சூத்திரத்தை நான் எடுத்துத் தர வேண்டியிருக்கவில்லை. அவர்களே போய்ப் பிடித்தார்கள்.

பத்து லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உப்பு என்று வேளாண்மைத் துறைக்காரர்கள் சொல்வார்கள். அந்தத் தண்ணீரில் முற்றிய நெல் மூழ்கும். பதரும் அரைகுறையாய்ப் பால் பிடித்ததும் மிதக்கும். மிதப்பதை வழித்துக் கொட்டிவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலச வேண்டும். அலசாமல் விட்டால் முளைப்பு கெடும். ஏன் கெடும் என்று ஒருவன் கேட்டான். சவ்வூடு பரவலை ஏழாம் வகுப்பில் எவ்வளவு தூரம் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. பல வீடுகளில் இப்போது இந்த வழக்கமே இல்லை. சான்று பெற்ற விதையை மூட்டையாக வாங்கிவந்து ஊறப்போட்டுவிடுகிறார்கள். சிலர் நேரடி விதைப்புக்கு மாறிவிட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் எதிர்வீட்டுத் தாத்தாவிடம் போனார்கள். அதுவும் நல்லதுதான்.

இந்த வீட்டுப்பாடத்தில் ஒரே ஒரு குறை. நோட்டில் ஒன்றும் இருக்காது.

நடுநிலைப் பள்ளியில் வீட்டுப்பாடம் என்பதற்கு நடைமுறையில் ஒரே பொருள்தான்: புக் பேக். பாடத்தின் முடிவில் உள்ள ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’, ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’, ‘பொருத்துக’, குறுவினா, நெடுவினா. அத்தனையும் நோட்டில் ஏற வேண்டும். ஏறியதன் மேல் சிவப்பு மை விழ வேண்டும். மை விழுந்ததற்கு அடியில் தேதியும் கையெழுத்தும் வேண்டும். பள்ளிப் பார்வைக்கு வருகிறவர் பத்து நிமிடத்தில் பார்க்க முடிவது அதைத்தான். அவரைக் குறை சொல்வதற்கில்லை. முட்டைக்கு எவ்வளவு உப்பு போட்டார்கள் என்று வகுப்பே பேசிய பேச்சு எந்தப் பதிவேட்டில் இருக்கும்? அதனால் ஆசிரியர்கள் திருத்த முடிகிற வீட்டுப்பாடத்தைக் கொடுக்கிறார்கள், பிள்ளைகள் திருத்துவதற்கு வசதியாக எழுதிக்கொண்டு வருகிறார்கள். இடையில் கைடு இருக்கிறது. கைடில் ஓர் அச்சுப்பிழை இருந்தால் முப்பது நோட்டிலும் அதே பிழை அணிவகுத்து வரும். நானும் முப்பது முறை அதைச் சுழித்திருக்கிறேன். எழுதியவர்களில் ஒருவர்கூட அந்த வாக்கியத்தைப் படிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு நாற்பது மதிப்பெண், தொகுத்தறி மதிப்பீட்டுக்கு அறுபது. அந்த நாற்பதில் பாதி செயல்பாடுகளுக்கு. வீட்டில் பார்ப்பதும் கேட்பதும் அளப்பதும் மதிப்பெண்ணாக மாற வழி திறந்துவிட்டது என்று நினைத்தேன். திறந்த வழியில் முதலில் உள்ளே வந்தது சார்ட் பேப்பர். அதன் பின்னால் தெர்மாகோல் வந்தது. இதய மாதிரி, எரிமலை மாதிரி, சூரியக் குடும்பம். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் சூரியக் குடும்பத்தைப் பெரும்பாலும் அக்காதான் செய்வாள். அக்கா இல்லாத வீட்டில் ஸ்டேஷனரிக் கடைக்காரர் செய்வார். நூறு நாள் வேலைக்குப் போகும் தாயிடம் வியாழனுக்கு வளையம் உண்டா இல்லையா என்று கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வளையம் செய்யப் பணம் கேட்பதில்தான் ஆட்சேபம்.

வீட்டுப்பாடத்துக்கு வீட்டில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2020-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது என்கிறது. ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம். அது எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து. ஐந்து பாடத்துக்குப் பிரித்தால் அறிவியலுக்குப் பன்னிரண்டு நிமிடம். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைக்கு அந்தப் பன்னிரண்டு நிமிடமும் தண்ணீர் பிடித்து, தம்பிக்குச் சோறு போட்ட பிறகுதான் கிடைக்கும். அதில் அவள் நெடுவினாவைப் பார்த்து எழுதுவாள், தூங்கிப்போவாள். ஆனால் தண்ணீர் பிடிக்கும்போதே செய்ய முடிகிற வீட்டுப்பாடம் என்றால் அவளுக்கு நேரம் தனியாக வேண்டாம். ஒரு குடம் நிரம்ப எத்தனை நொடி? குடம் எத்தனை லிட்டர்? அப்படியென்றால் குழாயில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது? தெருவின் மேல்கோடியில் ஒரு விடை வரும், கீழ்க்கோடியில் வேறு விடை வரும். மேல்நிலைத் தொட்டிக்கும் நீரழுத்தத்துக்கும் பாடம் அங்கிருந்து தானாக நகரும்.

மின்சாரப் பாடத்துக்கு மீட்டர் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு ஒரு தடவை, காலை ஆறு மணிக்கு ஒரு தடவை பார்த்து எண்ணைக் குறித்துவர வேண்டும், அவ்வளவுதான். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்பதைப் புத்தகம் சொல்லிவிடும். எழுபத்தைந்து வாட் மின்விசிறி ஒரு யூனிட் தின்னப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்குக்கு நூறு மணி நேரமும் போதாது என்று கணக்குப் போட்டுக் காட்டியபோது ஒரு பையன், “அப்ப எங்க வீட்ல யூனிட்ட யார் சார் திங்கறது?” என்றான். மூன்று நாள் கழித்து அவனே பதிலும் கொண்டுவந்தான்: தண்ணீர் மோட்டார். கட்டண அட்டையில் நூறு யூனிட் எதற்காகக் கழிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டு அரசியலுக்குள்ளும் கொஞ்சம் போனோம். பாடத்திட்டத்தில் அது இல்லை.

எதையும் வீட்டிலிருந்து கேட்டுவிடலாம் என்றும் இல்லை. உணவுப் பாடம் வரும்போது ‘மூன்று நாள் நீ சாப்பிட்டதைப் பட்டியலிடு’ என்ற வேலை பல பள்ளிகளில் உண்டு. நான் அதைக் கொடுப்பதில்லை. கொடுத்தால் பால், முட்டை, கீரை, பழம் என்று புத்தகத்துச் சரிவிகித உணவு அப்படியே வரும். இரவு பழையது மட்டும் சாப்பிட்ட பிள்ளை அதை எழுதாது, எழுதவும் கூடாது. பிள்ளையைப் பொய் எழுதவைக்கும் கேள்வி அறிவியல் கேள்வி ஆகாது. அதற்குப் பதில் எல்லாருக்கும் பொதுவான சத்துணவுத் தட்டையே எடுத்துக்கொள்ளலாம். அதில் மாவுச்சத்து எது, புரதம் எது என்று கேட்டால் யாரும் தலைகுனிய வேண்டியதில்லை.

இதெல்லாம் நான் கண்டுபிடித்த வழி என்று யாரும் நினைக்க வேண்டாம். 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவிலிருந்த நண்பர்கள் கிராம மையம் என்ற இரண்டு தன்னார்வ அமைப்புகள் அரசோடு சேர்ந்து செய்த வேலை அது. ‘பால் வைஞானிக்’ என்ற அவர்களுடைய பாடநூலில் சோதனைகளும் கேள்விகளும் இருந்தன; விடைகள் இல்லை. விடையைப் பிள்ளைகள்தான் தங்கள் நோட்டில் எழுதிச் சேர்க்க வேண்டும். தேர்வுக்குப் புத்தகத்தையும் நோட்டையும் எடுத்துப் போகலாம். பிள்ளைகள் தோன்றிய கேள்வியையெல்லாம் எழுதி அனுப்புவதற்குச் சவாலிராம் என்று ஒரு கற்பனை ஆளையும் வைத்திருந்தார்கள். பின்னர் ஏகலவ்யா அமைப்பு அதை ஏற்று நடத்தியது. பல நூறு அரசுப் பள்ளிகளுக்குப் பரவியது. 2002-இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டு ஓடிய ஒன்றை நிறுத்த ஓர் உத்தரவு போதும். ஆனால் கைடு போட முடியாத பாடநூல் ஒன்றை அரசுப் பள்ளியில் நடத்திக் காட்டினார்கள் என்பது அழியாது.

நம் ஊரிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழை ஒரு தலைமுறைப் பிள்ளைகள் படித்து வளர்ந்தார்கள். 2022 நவம்பரில் அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்காக வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. கருத்தாளர் சோதனைப் பொருட்களோடு பள்ளிக்கே வந்து செய்து காட்டுகிறார், பிள்ளைகளும் செய்கிறார்கள். அவர் வரும் நாள் பள்ளியில் திருவிழாதான். என் கவலையெல்லாம் அவர் போன மறுநாளைப் பற்றியது. அந்த நாளின் வீட்டுப்பாடம் திரும்பவும் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்றால், திருவிழா வேறு, பாடம் வேறு என்று பிள்ளை முடிவு கட்டிவிடும்.

புக் பேக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதிப் பழகாத பிள்ளை தேர்வில் திணறும். படித்ததைச் சொந்த வாக்கியத்தில் எழுதுவதும் அறிவியலில் ஒரு பகுதிதான். வாரத்தில் இரண்டு நாள் அது போதும். மீதி நாட்களுக்கு ஒரே கேள்வி, ஒரு வரி விடை. திருத்தவும் சுலபம்: மறுநாள் பீரியடின் முதல் ஐந்து நிமிடத்தில் விடைகளைக் கரும்பலகையில் ஒரு மூலையில் எழுதிப்போட்டால் ஒன்றோடொன்று மோதுவது தெரியும். அந்த மோதலையே நோட்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்திட்டுவிடுங்கள். பார்வைக்கு வருகிறவருக்கும் காட்ட ஒன்று இருக்கும்.

எங்கே தொடங்குவது என்று கேட்கும் ஆசிரியருக்கு ஒன்று சொல்கிறேன். தமிழ்நாடு முழுவதும் கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால் ஆண்டுக்கு இரண்டு நாள் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். செங்குத்தாக நட்ட குச்சிக்கு அப்போது நிழல் இருக்காது. முதல் நாள் ஏப்ரலில் வருகிறது, தேர்வுக் காலம். இரண்டாவது பள்ளி நாட்களில் வருகிறது: சென்னையில் ஆகஸ்ட் 18 வாக்கில், எங்கள் பக்கத்தில் அதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து, கன்னியாகுமரியில் செப்டம்பர் தொடக்கத்தில். நிழல் மறைவது கடிகாரத்தின் பன்னிரண்டு மணிக்கு அல்ல, சில நிமிடம் தள்ளி. எத்தனை நிமிடம் என்று பிள்ளைகளையே பார்த்துவரச் சொல்லுங்கள். செலவு ஒன்றும் இல்லை, விடை எந்தக் கைடிலும் இல்லை.